இடது இடுப்பு

என் வலது இடுப்பு முதல் வாரமே பெல்லி டான்ஸ் கற்றுக்கொண்டுவிட்டது. இடது இடுப்புதான் தகராறு. "டக்குன்னு கீழ விடுங்கக்கா" என்று டீச்சர் சொன்னால், அது மேலே ஏறி அங்கேயே நின்றுகொள்ளும். நான் மட்டும்தான் மக்கு என்று நினைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு இடது இடுப்பு மேலேதான் நின்றது.

டீச்சர் என்னைவிடச் சின்னவள். துபாயில் இருந்தபோது பக்கத்து ஃப்ளாட்டு எகிப்துக்காரியிடம் கற்றுக்கொண்டு வந்து, பெரம்பலூரில் ஒரு தையல் கடை மாடியில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தாள். எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"துபாய்ல யாருக்குமே இப்படி நின்னு நான் பாத்ததில்லக்கா. நீங்கல்லாம் கொடம் தூக்கி வளந்தவங்கதானே?"

ஆமாம். இடது இடுப்பில் குடத்தோடு தெருக்குழாயிலிருந்து வீடு வரைக்கும் தளும்பாமல் வர வேண்டும். குடம் இறங்கினால் அதே இடுப்பில் பிள்ளை ஏறும். விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று காலமெல்லாம் பழக்கிய இடுப்பிடம் போய் இப்போது விடு என்றால், அது எப்படிக் கேட்கும்? எனக்குக் கோபமே வந்தது. சுமக்க மட்டும்தானா இந்த உடம்பு?

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அரியலூரில் இருக்கும் என் தங்கைக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். வயிற்றின் மேல் கைவைக்கக்கூடப் பயப்படுவாள். கண் பட்டுவிடுமாம், அவள் கண்ணே பட்டுவிடுமாம். வளைகாப்பு என்று பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுவாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்பறம் எல்லார்கிட்டயும் இல்லன்னு சொல்ல என்னால முடியாதுக்கா. வளையலும் வேணாம், ஒன்னும் வேணாம்."

அம்மா அழுது பார்த்தார். நான் திட்டிப் பார்த்தேன். ஒருநாள் வீடியோ காலில் வாய் தவறி, "நான் வந்து பெல்லி டான்ஸ் ஆடுறேன், அப்பவாவது போட்டுக்குவியா?" என்றேன். படுக்கை குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமோ.

"நீயா? ஆடு, போட்டுக்கறேன். ஆடலன்னா அங்கயே கழட்டிருவேன், பாத்துக்க."

போட்ட வளையலைக் கழற்றுவதாவது! சொன்னால் செய்கிற ஜாதி அவள், என் தங்கை அல்லவா.

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கு ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் போனை மெஷின் மேல் சாய்த்துவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, காசு தைத்த துணியை இடுப்பில் கட்டிக்கொள்வேன். 'தும்' என்றால் தர்புகா மத்தளத்தின் நடுவில் விழும் அடி, 'தக்' என்றால் ஓரத்தில். தும் தும், தக், தும், தக். வாயால் சொல்லிக்கொண்டே ஆடுவேன். தங்கை அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். "லெப்ட் வரல" என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். இடுப்பைப் படபடவென்று உதறுகிற ஷிம்மி ஒருநாள் திடீரென்று வந்துவிட்டது. காசெல்லாம் மழை மாதிரி கொட்டியது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர், "ஆதார் ஒரு காப்பி கிடைக்குமாங்க?" என்று கேட்டார்.

"சுளுக்கிக்கிட்டா டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கொடம் தூக்கினேன்னு சொல்லுவேன்."

வளைகாப்பு அன்று ஆண்களைச் சாப்பாட்டுப் பந்திக்குத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். டாக்டரிடம் கேட்டு, தங்கையை ஒரு மணி நேரம் மட்டும் நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். கன்னத்தில் சந்தனம், முதலில் வேப்பிலைக் காப்பு, அதன்மேல் கை நிறையக் கண்ணாடி வளையல். கைகளை வயிற்றில் படாமல் நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

புடவைமேல் காசுத் துணியைக் கட்டினேன். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் ஆசையாகக் கைதட்ட ஆரம்பித்தார்கள். அங்கேதான் வம்பு. அவர்களுக்குத் தெரிந்தது கும்மித் தட்டு. போனில் ஓடிய தர்புகா அதில் முழுகிவிட்டது. என் கால் இரண்டும் தானாகக் கும்மிக்குப் போய்விட்டன. வலது இடுப்பும் மறந்துவிட்டது. "குனிஞ்சு அடிடி" என்று அத்தை வேறு எடுத்துக்கொடுத்தார். தங்கையின் விரல் வளையல் பக்கம் போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வளையல்களை முழங்கை பக்கம் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையால் கைப்பிடியில் ஓர் அடி அடித்தாள். தும். இன்னொன்று. தும். பிறகு கையை உதறினாள். வளையலெல்லாம் சேர்ந்து 'தக்' என்றது.

தும் தும், தக், தும், தக். ஒரு அடிகூடப் பிசகவில்லை. படுத்த படுக்கையில் இத்தனை நாளும் இவள் வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கால் அடங்கியது. வலது விழுந்தது. அடுத்த தும்மில், நான் ஒன்றுமே செய்யாமல், இடது இடுப்பும் பொத்தென்று விழுந்தது.

"லெப்ட் வந்துருச்சு" என்றாள் தங்கை.

சட்டென்று தாளம் நின்றது. அவள் முகம் மாறியது. எனக்கு உயிரே போய்விட்டது. என்னடி, என்னடி என்று ஓடினேன்.

அவள் இரண்டு கையையும், அத்தனை வளையலோடும், வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நீ ஆடுக்கா, நிறுத்தாத" என்றாள். "உள்ள ஒதைக்குது."