அவர்கள் ஏசிக்கொண்டார்கள், நான் படியெடுத்தேன்

என் கணவர் கட்சி மேடையேறினால் கையில் தாள் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார். எழுத உட்கார்ந்தாலோ, அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியாது. ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தார். அங்கே எண்களும் ஆங்கிலமும் ஒழுங்காகத்தான் வரும். தமிழ்தான் கோழி கிளறிய மாதிரி இருக்கும். கோலாலம்பூரில் இருந்த வாரப் பத்திரிகைக்காரர்கள் அவர் கட்டுரையை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள் நான். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒரு கட்டுரை, கோடு போட்ட தாளில் படியெடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அது ஒரு பழுப்பு உறையில் போய்க் கோல சிலாங்கூர் பஸ் கண்டக்டர் கைக்குச் சேரும்.

அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எங்கள் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் வந்தால் அவர் வீடு. என்னை அண்ணி என்று கூப்பிடுவார், நான் தம்பி என்பேன். அவரும் அதே பத்திரிகையில்தான் எழுதினார். இரண்டு பேருடைய கட்டுரைகளும் படத்தோடு எதிரெதிர்ப் பக்கத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் கட்டுரையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் எழுத்தையும் நானே படியெடுத்துக் கொடுப்பேன்.

"நீங்க எழுதுங்கக்கா, கறிய நான் பாத்துக்குறேன்," என்று அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். மத்தியானம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். நான்கு வருடம் அப்படி ஓடியது.

பத்திரிகைக்கு ஆள் சேர்ப்பதற்காக இரண்டு பேரும் சம்பள நாளில் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பேச்சைக் கேட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, கொடுத்தார்கள். நான்கைந்து மாதம் பத்திரிகை தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் போனது. பிறகு நின்றுவிட்டது. அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கொஞ்சம் பத்திரிகை முதலாளிக்குப் போயிருக்கும். கொஞ்சம் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போயிருக்கும். எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கட்சியில் மேலே இரண்டு பெரியவர்கள் முட்டிக்கொண்டார்கள். எங்கள் பத்திரிகை ஒருவர் பக்கம் சாய்ந்தது. தம்பி மற்றவர் பக்கம் போய், அவர்கள் புதிதாகத் தொடங்கிய வாரப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். முதல் கட்டுரைக்குத் தலைப்பே 'சந்தா எங்கே, கிராணியாரே?' என்பதுதான். என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் அதேதான். இவர் அவரைக் கூலிப் பேனா என்றார். அவர் இவரை மேடைத் திருடன் என்றார். இரண்டு பேரும் ஒரே மோட்டாரில் போய் வாங்கிய சந்தாவை, மற்றவர்தான் தின்றார் என்று எழுதினார்கள். டவுனில் சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டு பத்திரிகையையும் வாங்கி மேசையில் போட்டுவைத்தார். "இந்த வாரம் யாரு பலமா குடுத்துருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகை நன்றாக விற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தம்பி எங்கள் கேஸ் அடுப்பைப் பற்றி எழுதினார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. என் கணவர் பதிலுக்கு அவர் மனைவியின் கையில் இருந்த வளையல்களைப் பிடித்துக்கொண்டார். 'பால்மரம் வெட்டிய பெண்களின் வியர்வை, இவருடைய பொண்டாட்டி கையில் தங்கமாக மின்னுகிறது' என்று எழுதியிருந்தார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, அது அவ அம்மா போட்டதுங்க. பிள்ளைப் பேறுக்கு அடகு வச்சத மீட்க நான்தானே அவகூடப் போனேன்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எழுதுறீங்க?"

"அவன் உன் அடுப்ப எழுதலியா? அரசியல்ல இதெல்லாம் இருக்கும்லா. நீ எழுதும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எழுதினேன். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வரியை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். அவர் திரும்பிப் படிக்கிறவர் இல்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பொண்டாட்டி என்ற சொல்லைத் துணைவியார் என்று மாற்றினேன். அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளைக் கோல சிலாங்கூர் மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். கையில் வளையல் இல்லை. நானாகவே போய், "எப்படிம்மா இருக்க?" என்றேன்.

மீன்காரரிடம் மிச்சக் காசை வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். அண்ணன் வாயில துணைவியார்னு ஒரு வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல. பொண்டாட்டின்னுதான் சொல்லுவாரு. அது நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"அத மாத்தத் தெரிஞ்சிச்சு. வளையல எடுத்துப்போடத் தெரியலியாக்கா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு நாங்கள் மீன் விலை பேசுவதாகத்தான் பட்டிருக்கும். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் ஒரு வருடம் அந்தச் சண்டை ஓடியது. நானும் படியெடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். திட்டும் வார்த்தைகள் தீர்ந்துபோய், பழையவற்றையே திரும்ப எழுதினார்கள். அடுத்த வரி என்னவென்று பார்க்காமலே எனக்குத் தெரியும். இடையில் ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில், பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிராணிம்மா, பேப்பர் வரவே இல்லியே. என் மருமவன் படிச்சுக் காட்டுவான்னு கட்டுனேன்."

"கேட்டுச் சொல்றேம்மா," என்றேன். யாரிடம் கேட்பது?

பொதுத்தேர்தலுக்கு முன்னால் மேலே இருந்த இரண்டு பெரியவர்களும் சமாதானமாகிவிட்டார்கள். கோல சிலாங்கூரில் கூட்டம் போட்டு, என் கணவரையும் தம்பியையும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ளச் செய்தார்கள். கைத்தட்டல் அடங்கவே இல்லை. கூட்டம் முடிந்ததும் தம்பி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், நேற்றுத்தான் வந்துபோனவர் மாதிரி.

"அண்ணி, கோழிக்கறி வாசம் ரோட்டு வரைக்கும் வருதே!"

தட்டு வைத்தேன். "அவ வரலியா?"

"அவளுக்கு உடம்பு சரியில்லண்ணி," என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் ஒற்றுமையைப் பற்றிச் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு வரி இவர், ஒரு வரி அவர். நடுவில் சிரிப்பு வேறு. எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்கள்.

"நான் எழுதலங்க," என்றேன்.

"ஏன், கை வலியா?"

"ஆமா. கை வலி."

என் கணவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே டவுனில் தமிழ் டைப் அடிக்கும் பெண் ஒருத்தியைப் பிடித்துவிட்டார். என் கை எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. நானும் மறுபடி அவருக்காகப் பேனா எடுக்கவில்லை. கட்டுரை நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

தம்பி குடும்பம் கொஞ்ச நாளில் பத்தாங் காலிக்கு மாறிப் போய்விட்டது. நான் இரண்டு பஸ் மாறி ஒரு முறை அங்கே போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன். அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா," என்றாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டாள். மழை விடாமல் பெய்வதைச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் எழுதினது தப்பும்மா," என்றேன்.

"அது போவட்டும்க்கா." காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "இப்ப மறுபடியும் ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டாங்களாமே? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியல. நான் படிக்கிறத விட்டுட்டேன்."

"நானுந்தான்."

குடை பிடித்துப் பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள். பஸ் வர வெகுநேரம் ஆனது. ஏறும்போது, படி வழுக்கும் பார்த்து ஏறுங்கள் என்று சொன்னாள். மறுபடியும் வாருங்கள் என்று சொல்லவில்லை, நானும் போகவில்லை.