அக்காவுக்குப் பதில் நான் பேசினேன்

ஏக்கா. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் இப்போதும் இப்படித்தான் கூப்பிடுகிறேன். காரைக்குடியில் எங்கள் தெருவே உன்னை மகராசி என்கிறது. அப்படிச் சொல்ல வைத்தவள் நான்தான்.

இனி படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவள். அப்பா தச்சு வேலை செய்கிறவர். அக்காவைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. அவளைக் கண்டதும் அம்மா முதலில் செய்த காரியம் தெருக்கதவைச் சாத்தியதுதான். மாப்பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார், வீடு பார்த்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று தெருவுக்குச் சொன்னோம். அந்த வீடு கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதாவது செய்தாக வேண்டும்.

அக்கா ஒரு பழைய சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவுகளையும் நிலைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாள். “பாருடி, எம்புட்டு பவுடர்னு. பொண்ணு பாக்க யாரும் வாராகளா?” என்பாள். அம்மா, “வாய மூடு” என்பாள். அம்மா அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்கு ஒரு காலேஜ் பெண் வந்திருக்கிறாள். பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல, அதை அப்படியே புத்தகமாகப் போட வேண்டும் என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவள். அக்காவோடு சிநேகமாகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்தாள். அக்கா தலைக்குக் குளித்து, எனக்குத் தீபாவளிக்கு எடுத்த சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

“நீங்களே சொல்லணும்க்கா. நாம சொல்லாட்டி நம்ம கதைய வேற யாராச்சும் சொல்லிருவாங்க” என்றாள் அந்தப் பெண்.

“அதுக்கு இந்தத் தெருவுல ஆளா இல்ல? நம்ம வாயத் தொறந்தாத்தான் ஒருத்தருக்கும் பிடிக்காது” என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் அடுப்படியில் டீ போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்தப் பெண் போனில் பதிவு செய்துகொள்ள, அக்கா பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், படிப்பு நின்றதைச் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது. “அவுக வேலைக்குப் போகையில என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போவாக” என்றாள்.

நான் டீயோடு ஓடினேன். “எல்லாம் பாதுகாப்புக்குத்தாங்க. அத்தானுக்கு அக்கா மேல உசுரு” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன கேட்டாலும் நானே பதில் சொன்னேன். அக்கா டீயைக் குடித்தாள். கடைசியில் கதவு தேய்ப்பதைப் பற்றி ஏதோ சொல்லி முடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் அக்கா கேட்டாள். “நான் பேசுனா ஒனக்கு என்னடி?”

“என்னையப் பாக்க வாராகல்ல? வாழாவெட்டி தங்கச்சின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?”

அந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் இல்லை, நான்தான்.

அக்கா சேலையை மாற்றி, மடித்து, என் கையில் கொடுத்தாள். “சரி, ஒன் கழுத்துல தாலி ஏறட்டும். பெறகு சொல்லிக்கிறேன்” என்றாள்.

எனக்குக் கல்யாணம் ஆனது. ஒரு நாள் போனில், “அந்தப் புள்ளைய வரச் சொல்லவாடி?” என்று கேட்டாள். “பொறுக்கா, எங்க மாமியா இப்பத்தான் மொகம் குடுத்துப் பேசுது” என்றேன். அடுத்த தடவை கேட்டபோது நான் மாசமாக இருந்தேன். அதையும் ஒரு காரணமாகச் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கடையில் வேலை பார்க்கும்போதே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே இறந்துபோனாள்.

பெரியவர்கள் அத்தானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். புருஷன் இருக்கிற பெண்ணை எங்கள் பக்கம் சுமங்கலியாகத்தான் அனுப்புவார்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவார்கள். புருஷன் வீட்டுச் சேலை போர்த்துவார்கள். புருஷன் கையால் பொட்டு வைக்கச் சொல்வார்கள். அவர் வந்தார். “என்னைய விட்டு ஒருநா இருக்க மாட்டாளே” என்று கத்தி அழுதார். தெரு முழுக்க அவரோடு அழுதது. குங்குமத் தட்டை யாரோ என் கையில் கொடுத்தார்கள். நான் நீட்டினேன். அவர் எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். பக்கத்து வீட்டு அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பூவும் பொட்டுமாப் போறா, மகராசி. யாருக்குடி கிடைக்கும் இந்தக் குடுப்பினை?” என்றாள். பெண்கள் வரிசையாக அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளைப் பூட்டி வைத்த கை இது என்று. என் மாமியார் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் காலேஜ் பெண் வந்தாள். அக்கா குரலைக் கேட்க வேண்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். போனில் போட்டுக் காட்டினாள். கல்யாண வாழ்க்கையைப் பற்றி அக்கா சொன்னது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான். என் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, எனக்கே சகிக்கவில்லை. பாதியில் நிறுத்தச் சொன்னேன்.

“அக்கா கதைய நீங்க எழுதித் தாரீகளா?” என்று கேட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்தவள் போய்விட்டாள். ஊகித்து எழுதினால் மறுபடியும் அவளுக்குப் பதில் நானே பேசுவதாகிவிடும். அதனால் நான் செய்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். மகராசிக்காக இல்லை, செருப்பில்லாமல் முதல் பஸ் ஏறி வந்தவளுக்காக. அவள் போன இடத்தில் யாராவது அவள் எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், முழுக்கக் கேட்க வேண்டும் என்று.