சாவி கொடுத்தவள்

எங்கள் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புப் பார்ப்பவரை எல்லாரும் கமா அண்ணன் என்பார்கள். எழுதியவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கமா போட்டு உட்காரவைத்துவிடுவார். அவர் கைபடாத புத்தகம் எங்களிடம் இல்லை. அவர் பெயர் போட்ட புத்தகமும் இல்லை. கணினியில் பக்கம் கட்டுவது என் வேலை. அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன்.

போன மாதம் முதலாளி ஒரு பழைய குறுநாவலைக் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கச் சொன்னார். அச்சில் பதினாறு பதினாறு பக்கமாக ஏறும் என்பதால் சரியாகத் தொண்ணூற்றாறு பக்கம். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. "துணைப் பாத்திரங்களைத் தூக்கிடுங்க, அவங்களா கதை?" என்றார். தலைப்புப் பக்கத்தில் நாவலாசிரியர் பெயர் மட்டும்தான் என்பது அவர் சட்டம். ஆனாலும் மனசு வந்து, மூன்றாம் பக்கத்தை 'சுருக்கியவர்' என்று அண்ணன் பெயருக்கே விட்டுக்கொடுத்தார். அன்று சாயங்காலமே அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கதை இதுதான்: இருபது வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவன், பூட்டிக்கிடக்கும் தன் வீட்டைத் திறந்து, இறந்துபோன மனைவி எழுதிவைத்த கடிதங்களைப் படிக்கிறான். அண்ணன் தபால்காரரை எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. தையல்காரரை எடுத்தார். கதை அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரியையும் எடுத்தார், கச்சிதமாகத் தொண்ணூற்றாறு. தன் பெயரின் எழுத்தளவை மட்டும் நான்கு தடவை மாற்றச் சொன்னார்.

கடைசிப் படியை அண்ணி துணி மடித்துக்கொண்டே படித்தார்.

"பூட்டின வீட்டுக்குச் சாவி யாருங்க குடுத்தா?"

"டாக்டர்னு மாத்தியிருக்கேனே."

"அவரைத்தான் ரெண்டாவது அத்தியாயத்துலயே புதைச்சாச்சே. எழுந்து வந்து குடுத்துட்டுப் போனாரா?"

அடுத்த இரண்டு நாளும் அண்ணனுக்குத் தலை சுற்றியது. சாவியை அவனிடமே இருக்கவிட்டார்; அப்படியானால் பூட்டிய வீட்டுக்குள் அவன் மனைவி எப்படி வாழ்ந்தாள்? ஜன்னலை உடைக்கவிட்டார்; கதாநாயகன் திருடனாகிவிட்டான். பூட்டையே எடுத்தார், திறந்து கிடந்த வீட்டில் கடிதங்கள் எப்படித் தப்பின?

"இந்தப் பக்கத்து வீட்டுக்காரி மொத்தமே நாலு இடத்துலதான் வர்றா தம்பி. சாவி தர்றா, தண்ணி தர்றா, போயிடுறா. இவ இல்லாம ஏன் ஒருத்தனும் நகர மாட்டேங்கிறான்?"



வெள்ளிக்கிழமை காலை அவளைத் திரும்ப உள்ளே வைத்தோம். எவ்வளவு நெருக்கியும் ஒரு பக்கம் மிஞ்சியது. பின்னால் இயந்திரத்துக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"மூணாம் பக்கத்தை எடுத்துடு."

உங்கள் பெயர் இருக்கிற பக்கமாச்சே, நிஜமாகவா என்று கேட்டேன்.

"தெரியலையே தம்பி. நீ எடு, அப்புறமா யோசிப்போம்."

புத்தகம் வந்த அன்று அண்ணி முன்பக்கங்களை இரண்டு தடவை புரட்டினார். இதோ கேட்கப்போகிறார் என்று நான் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். கேட்கவில்லை. சாவி வரும் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தம்மா பேரு என்னங்க?"

அண்ணன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு உள்ளே போய்ப் பழைய நாவலை எடுத்துவந்து, அவள் வரும் நாலு இடத்திலும் விரலை வைத்துத் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.