கட்டு அவிழ்த்த காலை

அறுபதுகளில் நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் கண் வார்டில் நர்ஸாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் பெரிய டாக்டர் எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்தவர். கடைசியில் கண் அழுத்த நோய் அவர் பார்வையையே பறித்துவிட்டது. ஆனாலும் தினமும் வார்டுக்கு வருவார். பயந்துபோன நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தேக்கா சந்தையில் பூ விற்ற வள்ளியம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போயிருந்தது. ஆபரேஷன் என்றாலே நடுங்கினார்.

“பயப்படாதேங்கோ அம்மா. கட்டு அவிழ்க்கேக்க நான் பக்கத்தில இருப்பன்,” என்றார் டாக்டர்.

“அப்ப மொதல்ல உங்க முகத்தத்தான் பாப்பேன்,” என்று சொல்லித்தான் வள்ளியம்மா சம்மதித்தார்.

வேறொரு டாக்டர் செய்த ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் கட்டு அவிழ்ப்பதற்கு முதல் நாள் பெரிய டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார். ஜாலான் புசாரில் இருந்த தன் ஒரே வீட்டை எங்கள் வார்டுக்கு எழுதிவைத்திருந்தார்.

மறுநாள் காலை நான்தான் கட்டை அவிழ்த்தேன். வள்ளியம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஆசையாகப் பார்த்தார்.

“இதுல டாக்டர் ஐயா யாரு, சிஸ்டர்?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன்.

“அழாதீங்கம்மா, கண்ணுக்கு ஆகாது,” என்று அவரைத் தேற்றிக்கொண்டே நானும் அழுதேன்.

அந்த வீட்டை விற்று வார்டைப் பெரிதாக்கினார்கள். அதன்பிறகு அங்கே பார்வை பெற்றுப் போனவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.