தாலியோடு மஸ்கெலியா ஏற்றத்தில்: ஒரு ஸ்பார்க் பிளக் செய்த வேலை

தம்பிக்கு மஸ்கெலியாக் கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் பத்தேகால். கொழும்பில் செய்த தாலியை நான்தான் கொண்டுபோக வேண்டும். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் முதன்முதலில் கார் வாங்கியவன் நான். ஊர் பார்க்க அதில் போய் இறங்க ஆசை. பழைய கார், மூன்று சிலிண்டர். முதல் நாள் நானே மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தது. துடைத்துப் பூட்டிவிட்டேன், மேதாவி!

காலை நாலரைக்குக் கிளம்பி எட்டேகாலுக்கு ஹட்டன். சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். ரொட்டியும் டீயும் முடித்து ஒன்பதுக்குப் புறப்பட்டேன். கண்ணாடியை இறக்கியதும் பச்சைக் கொழுந்து வாசம். மூடுபனியில் ரோடு எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. விழித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேனா என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு சுகமாக இருந்தது.

நோர்வூட் தாண்டிய ஏற்றத்தில் கார் வெட்டி வெட்டி இழுத்து நின்றது. பக்கத்துக் கராஜ்காரர் செல்வம் வந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதுகொடுத்துக் கேட்டார்.

“ஒரு சிலிண்டர் வேலை செய்யலங்க. பிளக் ஏதும் கீழ விழுந்துச்சா?”

ஒப்புக்கொண்டேன்.

“பீங்கான் கீறியிருக்கும். சமதரையில தெரியாது, ஏத்தத்துல காட்டிக்குடுத்துரும். இன்ஜின் சூடா இருக்கு, இப்ப கழட்டுனா திருகு மரை தேஞ்சு போயிரும். முக்கா மணி நேரம் ஆறணும்.”

மணி ஒன்பதரை. எனக்கு அழுகை முட்டியது. தாலி, முகூர்த்தம் எல்லாம் சொல்லி, எப்படியாவது கழற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

“காருக்கா கல்யாணம்? தாலிய எடுத்துகிட்டு பஸ்ல ஏறுங்கண்ணே. கார நான் கொண்டாந்து தர்றேன்.”

ஏறினேன். தாலிப் பெட்டி இருந்த சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பக்கத்தில் நின்ற அக்கா என்னவென்று விசாரிக்க, விஷயம் டிரைவர் வரை போய்விட்டது. ஜன்னலில் நீர்த்தேக்கம் பனிக்குள் வெள்ளையாக மிதந்து வந்தது. பத்து ஐந்துக்குக் கோயில் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்கள்.

மதியம் செல்வம் காரோடு வந்து அந்த பிளக்கைக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழைக் கீறல். இந்தப் பக்கம் வருகிறவர்கள் காரின் கையேட்டில் உள்ள நம்பர் பிளக்கையே வாங்குங்கள். முனை இடைவெளியைச் சரிபார்த்து, இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகிப் பூட்டுங்கள். கீழே விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். புறப்படுமுன் ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தம்பி பட்டு வேட்டியோடு கோயில் வாசலிலேயே நின்றிருந்தான். கார் எங்கே என்று கேட்கவில்லை. தாலிப் பெட்டியைக்கூட உடனே வாங்கவில்லை.

“வந்துட்டீங்களாண்ணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.