காங்கோவுக்கு ஒரு தீர்மானம்

காத்தாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அந்த நாடு சுதந்திரம் பெற்றதும், நீ இந்தியாக்காரி என்று சொல்லிக் குடியுரிமை தர மறுத்தது. கணவன் பெரியண்ணனின் கால் ஆலை இயந்திரத்தில் சிக்கிப் போனபிறகு, 1960இல் இருவரும் அவன் தகப்பனாரின் ஊரான பொன்னமராவதிக்கு வந்து சேர்ந்தார்கள். சந்தைத் திடல் ஓரத்துப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

தாலுகா ஆபீசில் பட்டா கேட்டால், பூர்வீகம் இந்த ஊர்தான் என்று பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து வேண்டுமென்றார்கள். தலைவர் சேவுகன் தாளைத் தொடவே இல்லை.

"ஒன் மாமனார் கப்பலேறுனப்பவே இந்த ஊரு ஒறவு விட்டுப்போச்சு. நீங்க சிலோன்காரங்க."

நாலு மாதம் நடந்தாள். அதே பேச்சுதான்.

மறு வருடம் பிப்ரவரியில், தலைவரைக் கொலைக்குப் பறிகொடுத்த காங்கோ நாட்டு மக்களுக்கு ஆதரவாக அதே சேவுகன் தலைமையில் பொதுக்கூட்டம். மேடைக்கு இடம் போதவில்லை என்று அவருடைய ஆட்கள் காலையிலேயே வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். பெரியண்ணனைத் தூக்கிப் புளியமரத்தடியில் உட்காரவைத்ததுதான் அவர்கள் காட்டிய மரியாதை.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் சேவுகன் குரல் தழுதழுத்தது. "ஆப்பிரிக்காவில் சிந்தும் இரத்தம் நம் இரத்தம். கடல் கடந்து வாடும் தமிழன் நம் உடன்பிறப்பு."

காத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலைவரை தன் அடுப்பு இருந்த இடம் மேடைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே மூன்று கல்லைக் கூட்டி, பிரித்துப்போட்ட ஓலையையே எரித்துக் கஞ்சி காய்ச்சினாள். புகை மேடையேறியது. சேவுகன் இருமினார்.

போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "எந்த ஊரும்மா நீ?"

"அங்கிட்டு இந்தியாக்காரின்னு வெரட்டுனாங்க. இங்கிட்டு சிலோன்காரிங்கிறாங்க. மேல நிக்கிறவரு ஒலகமே ஒரே குடும்பங்கிறாரு. என்ன எழுதணும்னு அவரையே கேட்டு எழுதிக்கங்க."

சிலர் சிரித்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. சேவுகன் ஆள் ஒருவன் பானையை எட்டி உதைத்தான். அவளை ஸ்டேஷனில் இரண்டு மணிநேரம் நிற்கவைத்துத் திட்டி அனுப்பினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பத்திரிகையில் வந்தது.

கண்மாய்க்கரைச் சரிவில் மறுபடி ஒரு குடிசை. காத்தாயி கல்லுடைக்கப் போனாள். அடுத்த வருடம் தேர்தல் வந்ததும் சேவுகனே குனிந்து உள்ளே நுழைந்தார்.

"ஆத்தா, ஒங்க ரெண்டு பேரு பேரையும் லிஸ்டுல நாந்தான் சேக்கச் சொன்னேன். ஓட்டு நமக்குத்தான்."

அவள் எழுந்திருக்கவில்லை. "ஓட்டுக்கு மட்டும் நாங்க இந்த ஊரா? அந்தக் கையெழுத்தப் போடுங்க."

"எலெக்சன் முடியட்டும், பாத்துக்கலாம்."

"அப்ப ஓட்டையும் அப்பறமே பாத்துக்கலாம். வெளிய போங்க."

கையெழுத்து கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெரியண்ணன் இறந்தபோது, கிராம முன்சீப் கொடுத்த இறப்புச் சீட்டில் ஊர்ப்பெயருக்கு நேராக சிலோன் என்று எழுதியிருந்தது. அடக்கம் செய்தது பொன்னமராவதி மண்ணில். காத்தாயி அந்தச் சீட்டை முன்சீப்பின் முகத்துக்கு எதிரேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தாள்.