பங்குனிச் சதுர்த்தியில் ஒரு காகம்

மீளக்குடியேறிக் கட்டுக்கரை வாய்க்காலோரம் தகரக் கொட்டில் போட்ட முதல் பங்குனியில், பக்கத்து வளவில் மாமி காகம் கூப்பிட்டார். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் நித்திரை கெட்டது.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. சண்டைக் காலத்தில் அவர் கடல் கடந்து மண்டபம் முகாமுக்குப் போய்விட்டார். நாங்கள் காடு மேடெல்லாம் இழுபட்டுக் கடைசியில் வவுனியா முகாமில் கிடந்தோம். எத்தனையோ வருசம் கழித்து, ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்திருந்தோம். அன்று மத்தியானம் வேலிக்கு அப்பால் "கா... கா..." என்று அவருடைய குரல் கேட்டது. சாய்மனைக் கதிரையில் கிடந்த அப்பா நிமிர்ந்துவிட்டார்.

"ஆருக்குப் படைக்கிறாள்? அத்தானின்ர திவசம் ஆவணியில. அம்மாவின்ர தையில. பங்குனியில எங்கட வீட்டில ஆர் செத்தது?"

"ஏதும் நேர்த்தியாய் இருக்குமப்பா."

"நேர்த்திக்கு ஆரும் காகம் கூப்பிடுறதோ? ஒரு பிடி சோறும் எங்களுக்கு அனுப்பேல்ல, பார்."

திவசச் சோறு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் இருக்காது. அது எனக்கும் உறுத்தியது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். வளர்பிறைச் சதுர்த்தி.

அப்பப்பா மலாயாவுக்கு ரயில் பாதை வேலைக்குப் போனபோது அப்பா தொட்டிலில் கிடந்த பிள்ளை. ஜப்பான்காரன் வந்த காலத்தோடு செய்தி நின்றது. ஜப்பான்காரன் தோற்றபிறகு மலாயாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர், அவர் செத்துப்போனார் என்று மட்டும் சொன்னாராம். எந்த ஊர், எந்த நாள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசைதானே. வசதிப்பட்ட வருசங்களில் அப்பா பாலாவித் தீர்த்தத்தில் இறங்கி, ஊரோடு ஊராக எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். வரும்போது முகம் கறுத்திருக்கும்.

"சனத்துக்குள்ள நிண்டு கூப்பிட்டால் அவருக்குக் கேக்குமோ? அவருக்கெண்டு ஒரு நாளில, இலை போட்டு ஒருக்காச் செய்யவேணும் பிள்ளை. இந்த நெஞ்சு எனக்கு எவ்வளவு நாளைக்கு அடிக்குமோ தெரியாது."

அதனால்தான் அந்தக் காகச் சத்தம் அவரை அப்படிக் குடைந்தது. அக்காவுக்கு நாள் தெரிந்திருக்கிறது, தம்பிக்கு மறைத்துவிட்டாள். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஏன் மறைக்கவேண்டும்? வளவு இன்னும் அப்பப்பாவின் பேரில் கிடக்கிறது. அவர் செத்ததற்குப் பத்திரம் கிடைத்தால் வளவு சட்டப்படி இரண்டாகப் பிரியும், அக்காவுக்கு அது பிடிக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு மாமியின் நிழலும் பேயாகத் தெரிந்தது.

நான் தேடத் தொடங்கினேன். முதலில் இறப்புப் பதிகிற கந்தோர். அங்கிருந்தவர் நான் வாய் திறக்க முன்னமே, "காணிப் பிரச்சினையோ?" என்று கேட்டார். அந்த நாட்களில் செத்தவரைப் பற்றி விசாரித்தால் எல்லோருக்கும் முதலில் வருகிற கேள்வி அதுதான். மலாயாவில் செத்தவருக்கு மன்னாரில் பதிவு இருக்காது என்று அனுப்பிவிட்டார். பிறகு, முகாமில் பழகிய ஒரு ரீச்சரின் தமையன் மலாயாவில், ஈப்போவில் இருப்பதாக அறிந்து அவரைப் பிடித்தேன். ஜப்பான் காலத்து மரணப் பதிவுகளில் மார்ச்சும் ஏப்ரலும் மட்டும் பார்த்தால் போதும், திதி எங்களுக்குத் தெரியும் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொல்லிவைத்தேன். நல்ல மனிதர். லீவு நாட்களில் அலைந்து தேடினார். "அந்த மாசங்களில உங்கட ஆள் இல்லைத் தங்கச்சி" என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்வார். இல்லை, இல்லை என்று வர வர, எங்களுக்கு மாமி மேல் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மாமிக்கும் சும்மா இருக்க முடியுமா? ஒருநாள் கிணற்றடியில் வாளியை விடாமலே கேட்டார்.

"கந்தோருக்கு நடையாய் நடக்கிறியாம். எள்ளுக் காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை நீ ஏனடி காயுறாய்? வளவைப் பிரிக்கவோ?"

"அப்பப்பா செத்த நாளைத் தேடுறன் மாமி."

"ஓ... இப்பதான் பாசம் பொங்குதாக்கும்."

அதற்குப் பிறகு வேலிக் கிடுகை விலக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "கிடுகைப் பிய்க்காத பிள்ளை. படலையால வந்து வடிவாய்ப் பார்."

அடுத்த பங்குனியும் வந்தது. சதுர்த்தியன்று காகம் கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் அப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். நானும் பின்னால் ஓடினேன். மாமி இலையோடு முற்றத்தில் நின்றார்.

"அக்கா, அப்பு செத்த நாள் உனக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்ல."

"அப்ப இது என்ன?"

மாமி இலையைக் கீழே வைத்தார். "இது அவர் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள். செத்த நாள் தெரியாட்டி, வெளிக்கிட்ட நாளை வை எண்டு மண்டபத்தில ஒரு ஐயர் சொன்னவர். அண்டைக்கு அம்மாவுக்குச் சதுர்த்தி விரதம். காலமை அடுப்பு மூட்டேல்ல. அப்பு வெறுவயித்தோட வண்டில் ஏறினவர். நான் பின்னால ஓடினனான். நீ தொட்டிலுக்க கிடந்து கத்தினாய்."

"எனக்கேன் சொல்லேல்ல?"

"வெளிக்கிட்ட நாள் எண்டு சொன்னால், செத்த நாளைக் கையில வச்சுக்கொண்டு மறைக்கிறன் எண்டுதானே நினைப்பாய்?"

அதைத்தானே ஒரு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் அப்பா இலேசில் விடுகிற ஆளில்லை. என் பக்கம் திரும்பி, "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று முணுமுணுத்தார். பிறகு குனிந்து இலையைப் பார்த்தார்.

"அப்புவுக்கு என்ன கறி விருப்பம்?"

"சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். உறைப்புத் தூக்கலாய். இந்தா, வச்சிருக்கிறன்."

சோதித்துப் பார்க்கத்தான் கேட்டார். ஆனால் அது சரியா பிழையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தகப்பனோடு ஒருவேளை இருந்து சாப்பிட்டு அறியாதவர். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். பிறகு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, இலையிலிருந்து ஒரு பிடி சோறும் சம்பலும் எடுத்து வேலிக் கதியாலுக்குக் கீழே வைத்து, "கா" என்று கூப்பிட்டார். பாலாவியில் முணுமுணுக்கிற குரல் அல்ல, தொண்டை கிழியக் கூப்பிட்டார். காகம் வந்து கொத்தும் வரைக்கும் அசையவில்லை.

மாமி எங்களுக்கும் இலை போட்டார். அப்பா சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உறைப்புக் காணாது" என்றார்.

"உனக்குத் தெரியுமாக்கும்" என்றார் மாமி.

படலையைத் தாண்டியதும் அப்பா என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"வாற வருசம் எங்கட வீட்டிலயும் இந்தச் சதுர்த்திக்கே இலை போடுவம். ஆனால் பிள்ளை, அந்த ஈப்போக்காரருக்கு ஒருக்கால் போன் எடு. பங்குனியை விட்டிட்டு மற்ற மாசங்களைப் பாக்கச் சொல்லு. அக்காமார் சொல்லுறதை முழுக்க நம்பேலாது."